மியூனிக் பியர் கார்டனில் மதியச் சாப்பாடு: புதிதாக வந்தவர்களுக்கு

வேலைக்கோ படிப்புக்கோ மியூனிக் வந்திருக்கிறீர்கள். குளிர் விட்டு வெயில் எட்டிப் பார்த்ததும் அலுவலகத்திலோ வகுப்பிலோ யாராவது ஒருவர் "சனிக்கிழமை மதியம் பியர் கார்டன் போகலாமா?" என்று கேட்பார். நம் ஆட்கள் அங்கேயே தயங்குவார்கள். எனக்குக் குடிப்பழக்கம் இல்லையே, மாட்டுக்கறி பன்றிக்கறி ஆகாதே, குழந்தையைக் கூட்டிப் போகலாமா, எவ்வளவு செலவாகும், எங்கே போய் உட்காருவது? நான் வந்தபோது இதற்கெல்லாம் பதில் சொல்ல ஆளில்லை. ஒவ்வொன்றாக முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். நீங்களும் அந்தப் பாடு பட வேண்டாம்.

டாஸ்மாக் பாரை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். தாத்தா பாட்டி, கைக்குழந்தை, நாய் என்று குடும்பம் குடும்பமாக வந்து உட்காரும் இடம் இது. எல்லாவற்றையும் விட நமக்கு வசதியான விஷயம் ஒன்று உண்டு: வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் அங்கே பிரித்துச் சாப்பிடலாம். பானத்தை மட்டும் அங்கே வாங்க வேண்டும். பவாரியாவில் பியர் கார்டன் என்றாலே இந்த ஏற்பாடுதான்.

1. எங்கே போவது

நகரத்தில் பியர் கார்டன்கள் ஏராளம். முதல் முறைக்கு இந்த நான்கில் ஒன்று போதும்.

ஹிர்ஷ்கார்ட்டன்: குழந்தைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். சுமார் 8,000 பேர் உட்காரலாம், அதனால் விடுமுறை நாளிலும் எங்காவது ஒரு மூலை கிடைத்துவிடும். பக்கத்திலேயே வேலி போட்ட இடத்தில் மான்கள் நிற்கும், விளையாட்டுத் திடலும் உண்டு. அதே பெயருள்ள எஸ்-பான் (புறநகர் ரயில்) நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும்.

அவுகுஸ்டினர் கெல்லர்: தலைமை ரயில் நிலையத்துக்குப் பக்கம், ஆர்னுல்ஃப் தெருவில். ஹாக்கர்புரூக்கே நிலையத்திலிருந்து சில நிமிட நடை. அடர்ந்த கஷ்கொட்டை மரங்கள், நல்ல நிழல். ஊரிலிருந்து வந்தவர்களை ரயிலிலிருந்து இறக்கி நேரே கூட்டிப்போக ஏற்ற இடம். வார நாள் மதியத்தில் சுற்றுவட்டார அலுவலகக் கூட்டம் வரும்.

சீனக் கோபுரம்: இங்கிலீஷ் கார்டன் பூங்காவுக்கு நடுவே, 25 மீட்டர் உயர மரக் கோபுரத்தின் அடியில். கோபுரத்தின் மாடியில் பித்தளை வாத்தியக் குழு உட்கார்ந்து வாசிக்கும் நாளில் போனால் நன்றாக இருக்கும். மூன்ஷ்னர் ஃப்ரைஹைட் நிலையத்திலிருந்து பேருந்து போகிறது. சுற்றுலாக் கூட்டம் அதிகம். வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு முறை போகலாம், அமைதியாகச் சாப்பிட நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

விக்டுவாலியன்மார்க்ட்: மாரியன்பிளாட்ஸிலிருந்து இரண்டு நிமிடம். நகரச் சந்தைக்கு நடுவில் இருக்கிறது. சுற்றியுள்ள கடைகளில் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆலிவ், பழம் என்று வாங்கி வந்து இங்கேயே உட்கார்ந்து சாப்பிடலாம். நகரின் ஆறு பெரிய மதுவடிப்பு ஆலைகளின் பியரும் இங்கே முறை வைத்து ஊற்றப்படும். ஒரே குறை, இடம் சிறியது. மதியம் மேசை பிடிப்பதே வேலையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கடைகள் மூடியிருக்கும், அன்றைக்குப் போகாதீர்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. உணவகத்தின் முன்னால் நாலு மேசை போட்டு "பியர் கார்டன்" என்று பலகை மாட்டியிருக்கும் இடங்கள் நிறைய. அவை உணவகத்தின் வெளிப்புறம், அவ்வளவுதான். வீட்டுச் சாப்பாடு அங்கே செல்லாது. பெர்லின், ஹம்பர்க் மாதிரி மற்ற ஊர்களுக்குப் போனாலும் கேட்காமல் டப்பாவைத் திறக்க வேண்டாம்.

2. எந்த நாள், எத்தனை மணிக்கு

ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை காலம் என்று சொல்வார்கள். உண்மையில் வானம்தான் முடிவு செய்யும். மழை பெய்தால் கடைகளின் ஷட்டர் இறங்கிவிடும். நல்ல வெயில் என்றால் மார்ச் மாதத்திலேயே திறந்துவிடுவார்கள். முந்தின நாள் இரவு வானிலையையும் காலையில் அந்த இடத்தின் இணையப் பக்கத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சனி, ஞாயிறு என்றால் பதினொன்றரை மணிக்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள். ஒரு மணிக்குப் போனால் மேசையும் கிடைக்காது, கிடைத்தால் நிழலும் இருக்காது. வார நாளில் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை வரிசை நீளும். இரண்டு மணிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கும், அதுவே எனக்குப் பிடித்த நேரம்.

ஜூலை, ஆகஸ்டில் காலையெல்லாம் சுட்டெரித்துவிட்டு மாலையில் இடியோடு கொட்டுவது இங்கே வாடிக்கை. மேற்கே வானம் கருத்து, காற்று எழும்பி, ஊழியர்கள் குடைகளை மடக்க ஆரம்பித்தால் நீங்களும் டப்பாவை மூடுங்கள். மரத்தடியில் ஒதுங்கி நின்று மழை விடும் என்று காத்திருக்காதீர்கள், மின்னல் ஆபத்து.

புதிதாக வந்தவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இன்னொரு விஷயம்: ஞாயிற்றுக்கிழமை இங்கே சூப்பர் மார்க்கெட் கிடையாது. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மூடினால் திங்கள் காலையில்தான் திறக்கும். ஞாயிறு கட்டுச்சோறு கட்ட வேண்டும் என்றால் சனிக்கிழமையே எல்லாவற்றையும் வாங்கி வைக்க வேண்டும். கோடையில் வரும் கத்தோலிக்க விடுமுறைகளும் அப்படித்தான். ஜூன் வாக்கில் வரும் ஃப்ரோன்லைக்னாம், ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்பு, இரண்டு நாளும் மியூனிக்கில் கடை அடைப்பு. தயிர் மறந்துபோனால் ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைதான் கதி, விலையும் கூடுதல்.

3. கையில் இருக்க வேண்டியவை

அடையாள அட்டை: பியர் வாங்க 16 வயது, மற்ற கடின மதுவுக்கு 18. நம் முகத்தைப் பார்த்து இவர்களால் வயது சொல்ல முடிவதில்லை. இருபத்து மூன்று வயது முதுகலை மாணவரை நிறுத்தி அட்டை கேட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குடியிருப்பு அனுமதி அட்டையின் அசல் கையில் இருக்கட்டும். கைபேசியில் எடுத்த படத்தை ஏற்றுக்கொள்ள அவர்களுக்குக் கட்டாயம் இல்லை.

பயணச் சீட்டு: டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்கச் செல்லும் மாதச் சீட்டு) இருந்தால் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் அது உங்கள் பெயரில் உள்ள சீட்டு. பரிசோதகர் கேட்டால் படம் போட்ட அடையாள அட்டையும் காட்ட வேண்டும், அந்த அட்டை இதற்கும் உதவும். ஐந்து பேர் வரை சேர்ந்து போவதானால் குழு நாள் சீட்டு லாபம். இயந்திரத்தில் எடுக்கும் காகிதச் சீட்டு என்றால், முத்திரை குத்த வேண்டிய வகையா என்று பாருங்கள். அப்படியானால் ஏறுவதற்கு முன் நீல நிறப் பெட்டிக்குள் விட்டுக் குத்திக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கிய சீட்டாக இருந்தாலும் முத்திரை இல்லாவிட்டால் அபராதம் 60 யூரோ. எனக்குத் தெரியாது, புதிதாக வந்தேன் என்றெல்லாம் சொல்லிப் பயனில்லை. வார இறுதியில் எஸ்-பான் மையத் தடத்தில் பராமரிப்பு வேலை அடிக்கடி நடக்கும். கிளம்பும் முன் செயலியில் வழியைப் பார்த்துவிடுங்கள்.

ரொக்கம்: வங்கி அட்டையில் பணம் வாங்கும் இடங்கள் கூடிவிட்டன. ஆனாலும் மீன் சுடும் கடை, ரொட்டிக் கடை மாதிரி தனித்தனியாக நடக்கும் கடைகளில் ரொக்கம் மட்டும் என்று சொல்லலாம். ஆளுக்கு 30 யூரோ சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். 100 யூரோ நோட்டை நீட்டினால் முகம் சுளிப்பார்கள்.

முன்பதிவு: நீங்களே போய் வாங்கி வந்து உட்காரும் பகுதிக்குப் பொதுவாக முன்பதிவு கிடையாது. முதலில் வந்தவருக்கு முதல் இடம்.

4. கட்டுச்சோறு

இந்த ஊர்க்காரர்கள் கூடையில் மேசை விரிப்பு, மரப்பலகை, ரொட்டி, முள்ளங்கி, உப்பு எல்லாம் கொண்டு வந்து கடைபோல் பரப்புவார்கள். நீங்கள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் பரப்பினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பக்கத்து மேசைக்காரர் "அது என்ன?" என்று கேட்பார், ஒரு கரண்டி கொடுத்தால் அந்த மதியம் முழுக்கப் பேச்சுத்துணை கிடைக்கும்.

எது சரிப்படும் என்பதில் எனக்கு ஒரு தீர்மானம் உண்டு. ஆறினாலும் ருசியாக இருப்பதை மட்டும் எடுத்துப் போங்கள். எலுமிச்சை சாதம், புளியோதரை, தயிர் சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்திச் சுருள் எல்லாம் உத்தமம். சாம்பார், ரசம் வேண்டாம். சரளைக்கல் தரையில் மேசை லேசாக ஆடும், டப்பா சாயும், அப்புறம் பக்கத்தில் இருப்பவரின் வெள்ளைச் சட்டைக்கு நீங்கள்தான் பொறுப்பு. கருவாடு, மீன் குழம்பு வாசம் நமக்குப் பிடிக்கும், பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளும் மேசையில் வேண்டாமே. கையால் சாப்பிடலாம், தயக்கமே வேண்டாம். அவர்கள் கோழியைக் கையால்தான் பிய்க்கிறார்கள். ஈரத் துணியோ திசுத்தாளோ மட்டும் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.

தட்டு, கரண்டி, குப்பைப் பை உங்களுடையது. அடுப்பு கொண்டுபோய்ச் சூடாக்குவது கூடாது. வெளியில் வாங்கிய பியர், கோலா, பழச்சாறு எதுவும் மேசையில் இருக்கக் கூடாது. சாப்பாடு வீட்டிலிருந்து வரட்டும், பானம் எங்களிடம் என்பதுதான் அவர்களுடைய பிழைப்பு. குழந்தையின் தண்ணீர்ப் பாட்டிலை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆறு பேர் உட்கார்ந்து ஒரே ஒரு பானம் வாங்குவதும் அழகில்லை. ஆளுக்கு ஒன்றாவது வாங்குங்கள்.

5. உட்காரும் முன் மேசையைப் பாருங்கள்

பெரும்பாலான இடங்களில் தோட்டம் இரண்டாகப் பிரிந்திருக்கும். பலகை தேட வேண்டாம், மேசையே சொல்லிவிடும்.

விரிப்பு போட்டு, கத்தி முள்கரண்டி அடுக்கி, உணவுப் பட்டியல் வைத்திருந்தால் அது பரிமாறும் பகுதி. பணியாளர் வருவார், ஆர்டர் எடுப்பார், டிப்ஸ் எதிர்பார்ப்பார். அங்கே வீட்டு டப்பாவைத் திறந்தால் மரியாதையாக எழுப்பிவிடுவார்கள்.

வெறும் மரப்பலகை மேசையும் நீள பெஞ்சும் என்றால் அது உங்கள் பகுதி. ஜெர்மனில் ஸெல்ப்ஸ்ட்பெடீனுங் என்று எழுதியிருப்பார்கள். நீங்களே போய் வாங்கி வந்து, உங்கள் சாப்பாட்டையும் பிரித்து வைக்கலாம்.

மேசை மொத்தமும் உங்களுக்கு என்று நினைக்காதீர்கள். பத்துப் பேர் மேசையில் மூன்று பேர் இருந்தால் மீதி இடத்தில் நீங்கள் உட்காரலாம், நீங்கள் மூன்று பேராக இருந்தால் உங்கள் பக்கத்தில் வேறு யாரும் உட்காரலாம். "இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ராய்?" என்று கேட்டுவிட்டு உட்காருவது முறை. இந்த இடம் காலியா என்று அர்த்தம். பெரும்பாலும் தலையாட்டித் தள்ளி உட்காருவார்கள். "ஷ்டாம்டிஷ்" என்று எழுதிய மேசையில் மட்டும் உட்காராதீர்கள். வருடக்கணக்காக வரும் வாடிக்கையாளர்களின் மேசை அது. காலியாகக் கிடந்தாலும் அவர்களுக்குத்தான்.

நிழலைக் கணக்குப் போட்டு உட்காருங்கள். பதினொன்றரைக்கு நிழலாக இருக்கும் மேசை இரண்டு மணிக்கு வெயிலில் காயும். மரத்தின் கிழக்குப் பக்கமாக உட்கார்ந்தால் சூரியன் மேற்கே சாயச்சாய நிழல் உங்கள் மேல் வரும்.

6. வரிசையில் நிற்பது

ஒருவர் மேசையில் இருக்கட்டும், மற்றவர்கள் போகட்டும். பையை மட்டும் வைத்துவிட்டு எல்லோரும் கிளம்ப வேண்டாம்.

கடைகள் வரிசையாக இருக்கும்: ரொட்டி, சாலட், கோழி, மீன், பானம். தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்ந்து கடைசியில் ஒரே கல்லாவில் காசு கட்டும் ஏற்பாடு சில இடத்தில். மீன் கடைக்கு மட்டும் தனியாகக் கட்டுவது சில இடத்தில். முன்னால் நிற்பவரைப் பார்த்துச் செய்யுங்கள். சாப்பாட்டை முதலில் வாங்கிவிட்டு பியரைக் கடைசியில் வாங்குங்கள், இல்லையென்றால் மீனுக்கு நிற்கும் இருபது நிமிடத்தில் நுரை அடங்கி வெந்நீர் ஆகிவிடும்.

ஹிர்ஷ்கார்ட்டனில் ஒரு வழக்கம், தெரியாதவர்கள் கல்லாவில் போய் முழிப்பார்கள். குவளையை நீங்களே அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். தடித்த கண்ணாடிக் குவளையைத் தண்ணீரில் ஒரு அலசு அலசி, கவிழ்த்து உதறி, சொட்டச் சொட்ட எடுத்துப் போய் நீட்டினால் ஊற்றிக் கொடுப்பார்கள். ஈரக் குவளையில் ஊற்றினால்தான் நுரை அடங்கி நிற்கும், பியரும் குளிர்ச்சி விடாமல் இருக்கும்.

குவளையில் ஒரு கோடு போட்டிருக்கும், பக்கத்தில் ஒரு லிட்டர் அளவு எழுதியிருக்கும். பியர் அந்தக் கோடு வரை இருக்க வேண்டும், நுரை அதற்கு மேல். அவசரத்தில் ஊற்றும்போது குறைவது உண்டு. நுரை அடங்கிய பின் கோட்டுக்கு நன்றாகக் கீழே இருந்தால் அப்போதே திருப்பிக் கொடுத்து நிரப்பச் சொல்லலாம், அது உங்கள் உரிமை. பாதி குடித்துவிட்டுப் போய்க் கேட்டால் செல்லாது.

குவளைக்கு முன்பணம் வாங்கும் இடங்கள் உண்டு. ஃபாண்ட் என்பார்கள். ஒன்றிரண்டு யூரோ கூடுதலாக வாங்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் வில்லை தருவார்கள். திருப்பிக் கொடுக்கும்போது குவளை, வில்லை இரண்டும் வேண்டும். வில்லையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போன பின் வருத்தப்படாதீர்கள். குவளையை நினைவுப் பொருளாக வீட்டுக்கு எடுத்துப் போவது இங்கே திருட்டு.

7. என்ன குடிப்பது

"ஐனே மாஸ்" என்றால் ஒரு லிட்டர். நம் ஊர் பெரிய பாட்டில் 650 மில்லி. ஆக ஒரு மாஸ் என்பது ஒன்றரைப் பாட்டில். அவுகுஸ்டினர் ஆலையின் சாதா ஹெல் (வெளிர் நிற பியர்) 5.2 சதவீதம் ஆல்கஹால், அதே ஆலையின் எடெல்ஷ்டாஃப் என்னும் பியர் 5.6. லிட்டருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 40 கிராம் ஆல்கஹால். உச்சி வெயிலில், வெறும் வயிற்றில், தண்ணீர் மாதிரி இறங்கும். எழுந்து நிற்கும்போதுதான் தெரியும்.

அரை லிட்டர் வேண்டுமானால் "ஐனே ஹல்பே" என்று கேளுங்கள். சில இடங்களில் மாஸ் மட்டும்தான் ஊற்றுவார்கள், அங்கே கோதுமை பியரான வைஸ்பியர் அரை லிட்டராகக் கிடைக்கும். மதியத்துக்கு என்னுடைய சிபாரிசு ராட்லர்: பாதி பியர், பாதி எலுமிச்சை சோடா. இனிப்பாக இருக்கும், வேகமும் பாதிதான்.

குடிக்காதவர்களுக்கு: ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே, கோலாவும் ஆரஞ்சும் கலந்த ஷ்பெட்ஸி, ஆல்கஹால் நீக்கிய வைஸ்பியர். ஷோர்லேயையும் ஷ்பெட்ஸியையும் ஒரு லிட்டராகக் கேட்டால் அதே பெரிய குவளையில் தருவார்கள். ஏன் பியர் வாங்கவில்லை என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆல்கஹால் நீக்கியதிலும் மிகச் சிறிய அளவு இருக்க இடமுண்டு என்பதை, முழுக்கத் தவிர்ப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இலவசக் குழாய்த் தண்ணீரை எதிர்பார்க்காதீர்கள்.

8. அங்கே என்ன வாங்கலாம்

வீட்டுச் சாப்பாடு இருந்தாலும் ஒன்றிரண்டு வாங்கிப் பாருங்கள். பெரிய ப்ரேட்ஸ்ன் (முறுக்கு வடிவ ரொட்டி) ஒன்று இருவருக்கு வரும். மேலே கல்லுப்பு பொரிந்து கிடக்கும், உப்பு அதிகம் என்றால் விரலால் தட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். அதற்குத் தொட்டுக்கொள்ள ஒபாட்ஸ்டா: பாலாடைக்கட்டி, வெண்ணெய், பாப்ரிகா என்னும் காரம் குறைந்த மிளகாய்த்தூள், வெங்காயம் போட்டுப் பிசைந்தது. ராடி என்பது வெள்ளை முள்ளங்கி, மெல்லிய சுருளாக வெட்டித் தருவார்கள். உடனே கடிக்காதீர்கள். சுருளை லேசாக விரித்து உப்பைத் தூவி ஐந்து நிமிடம் விடுங்கள். தண்ணீர் விட்டுச் சொட்டத் தொடங்கும், காரம் இறங்கும், அப்புறம் சாப்பிட்டால் தனி ருசி.

ஷ்டெக்கர்ல்ஃபிஷ் என்பது குச்சியில் குத்தித் தணலில் சுட்ட முழு மீன், பெரும்பாலும் கானாங்கெளுத்தி வகை. எடை போட்டு விற்பார்கள். பலகையில் எழுதியிருக்கும் விலை 100 கிராமுக்கு என்பதைக் கவனியுங்கள். மூன்று யூரோ சொச்சம் என்று நினைத்து வாங்கிவிட்டு கல்லாவில் திகைப்பவர்களை எப்போதும் பார்க்கலாம். பாதிக் கோழியான ஹெண்டல் எல்லோருக்கும் தெரிந்த ருசி. ஹலால் பார்ப்பவர்களுக்கு மீன்தான் பாதுகாப்பு, கோழியை ஹலால் என்று எண்ண வேண்டாம்.

வைஸ்வுர்ஸ்ட் என்னும் வெள்ளைத் தொத்திறைச்சியைப் பன்னிரண்டு மணிக்கு முன்பே சாப்பிடுவது இந்த ஊர் வழக்கம். மதியம் போய்க் கேட்டால் தீர்ந்துபோயிருக்கலாம். அதில் கன்றுக்கறியும் பன்றியும் உண்டு.

சைவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாற இடம் இருக்கிறது. பவாரிய உருளைக்கிழங்கு சாலட்டில் இறைச்சிச் சாறு ஊற்றுவது பழக்கம். முட்டைக்கோஸ் சாலட்டில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் கிடக்கும். லேபர்கேஸ் என்ற பெயரில் பாலாடைக்கட்டி என்னும் சொல் ஒளிந்திருந்தாலும் அது முழுக்க இறைச்சி. ரொட்டி உருண்டையில் இறைச்சி இல்லாவிட்டாலும் மேலே ஊற்றும் குழம்பு பன்றி வறுவலின் சாறுதான். "இறைச்சி இல்லாமல்" என்று கேட்பதை விட "வெகெடாரிஷ்?" என்று கேளுங்கள், கொழுப்புத் துண்டை இறைச்சியில் சேர்க்காதவர்கள் உண்டு. முட்டை இங்கே சைவத்தில் அடங்கும். முட்டை ஆகாதவர்கள் "வேகான்" என்று கேட்க வேண்டும். கேஸேஷ்பெட்ஸ்லே என்ற பாலாடைக்கட்டி நூடுல்ஸ், உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும், வறுத்த உருளைக்கிழங்கு, இவை சைவருக்குக் கிடைப்பவை. முதல் இரண்டிலும் முட்டை உண்டு. ஒவ்வாமை இருந்தால் தயங்காமல் பட்டியல் கேளுங்கள், சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

9. மேசையில்

குவளையை மோதிக்கொள்ளும்போது "ப்ரோஸ்ட்" சொல்லி எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் குடித்தால் செல்லமாகத் திட்டுவார்கள். அடிப்பகுதி தடிமனாக இருக்கும், அங்கே மோதுங்கள்.

ஆகஸ்டில் குளவி வரும். இனிப்பு பானத்தின் மேல் அட்டை வட்டை மூடி வையுங்கள். ஒவ்வொரு வாய்க்கு முன்பும் உள்ளே பார்த்துவிட்டுக் குடியுங்கள், குழந்தைகளுக்கு உறிஞ்சுகுழல் கொடுங்கள். செப்டம்பரில் கஷ்கொட்டைக் காய் தலையில் விழும், அதற்கு மருந்து இல்லை. திறந்தவெளி என்பதால் புகை பிடிப்பார்கள். பிடிக்காவிட்டால் காற்று வரும் திசையில் மாறி உட்காருங்கள்.

10. செலவு

ஒரு மாஸ் பியர் சுமார் 10 யூரோ, இடத்துக்குத் தகுந்தபடி ஒன்றிரண்டு கூடும் குறையும். அரை லிட்டர் ஷோர்லே 5 யூரோ அளவில். பெரிய ப்ரேட்ஸ்னும் அதே அளவில்தான். பாதிக் கோழி பதினைந்தை ஒட்டி வரும். நாலு பேர் வீட்டுச் சாப்பாட்டோடு போய் ஆளுக்கு ஒரு ஷோர்லே, நடுவில் ஒரு ப்ரேட்ஸ்ன், ஒரு ஒபாட்ஸ்டா என்றால் முப்பது முப்பத்தைந்து யூரோவில் ஒரு மதியம் முழுக்க ஓட்டலாம். அதே நாலு பேர் பரிமாறும் பகுதியில் உட்கார்ந்தால் நூறைத் தாண்டும்.

நீங்களே எடுத்துக்கொள்ளும் பகுதியில் டிப்ஸ் கிடையாது. பரிமாறும் பகுதியில் ஐந்திலிருந்து பத்து சதவீதம் வரை கூட்டிச் சொல்வது வழக்கம். மேசையில் காசை வைத்துவிட்டுப் போகாதீர்கள். பில் 46 என்றால் 50 யூரோவைக் கொடுத்து "ஷ்டிம்ட் ஸோ" என்று சொன்னால் மீதி அவருக்கு. பிரித்துக் கட்டுவது இங்கே சகஜம், "கெட்ரென்ட்" என்றால் ஆளுக்கு ஆள் தனிக் கணக்குப் போட்டுத் தருவார்.

11. கிளம்பும்போது

தட்டையும் குவளையையும் திருப்பும் இடத்தில் கொண்டுபோய் வையுங்கள், வில்லையைக் கொடுத்து முன்பணத்தை வாங்குங்கள். வீட்டிலிருந்து கொண்டு வந்த குப்பை உங்களோடு திரும்பி வரட்டும். மதியம் போய் இரவு வரை உட்கார நினைத்தால், இசை பத்து மணிக்கு நிற்கும், பானம் பத்தரைக்கு நிற்கும், பதினொன்றுக்கு எல்லோரும் எழுந்துவிட வேண்டும்.

வீடு திரும்பும் விஷயத்தில் விளையாடாதீர்கள். காருக்கு வரம்பு ரத்தத்தில் 0.5 புரோமில் ஆல்கஹால், அதாவது ஆயிரத்தில் 0.5 பங்கு. 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் உரிமம் வாங்கிய சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கும் சுழியம்தான். நின்றபடி ஓட்டும் வாடகை மின் ஸ்கூட்டருக்கும் இதே கணக்கு. தோட்டத்து வாசலிலேயே வரிசையாக நிற்கும், எடுத்துவிடாதீர்கள், அதில் பிடிபட்டால் கார் உரிமத்துக்கே ஆபத்து. சைக்கிளுக்கு 1.6 என்று சொல்லித் தைரியம் கொடுப்பார்கள். ஆனால் தள்ளாடினாலோ யார் மேலாவது இடித்தாலோ 0.3-லேயே வழக்கு வரும். விசாவைப் புதுப்பிக்கும்போது வழக்கு விவரம் கேட்பார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சைக்கிளில் போயிருந்து ஒரு மாஸ் குடித்துவிட்டால், பூட்டி வைத்துவிட்டு எஸ்-பானில் வாருங்கள், மறுநாள் காலையில் போய் எடுத்துக்கொள்ளலாம்.